ஆக்குப்புரையும் கேட்டரிங் காலேஜும்

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டின் சமையல் கொட்டகையான ஆக்குப்புரைக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டேன். வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து வந்த சேனை, ஏத்தங்காய், தடியங்காய் எல்லாம் மூலையில் குவிந்து கிடந்தன. தலைமைச் சமையல்காரரான வைப்புக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் பார்க்கப் போனது அவருடைய கையாளை. பிளஸ் டூ முடித்த கையோடு கரண்டி பிடித்தவர். கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் நாகர்கோவிலில் ஓட்டல் வேலை. இத்தனை வருஷம் கழித்து கேட்டரிங் படிக்கலாமா என்று யோசிக்கிறார்.

அடைப் பிரதமன் உருளியில் கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பாகில் அடை விளைந்ததும் மூன்றாம் தேங்காய்ப்பால், அது வற்றியதும் இரண்டாம் பால். ஒண்ணாம் பாலை எடுத்தபோது பெரியவர் குரல் கொடுத்தார்: “லேய் மக்கா, முதல்ல தீய இழு.” ஏன் என்று கேட்டேன். “கொதிச்சா பிரிஞ்சு போவும் சார்” என்றார் இளைஞர். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தேங்காய்ப்பாலில் எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடித்திருப்பது புரதம். கொதியில் அதன் பிடி விடுகிறது. இதைக் கல்லூரி சொல்லித்தரும். விறகடுப்பில் இந்தக் காரணம் தெரியாமலே காலம் தள்ளலாம். ஆனால் துபாய்க்கு வேலைக்குப் போய் டப்பாப் பாலும் நீராவிக் கொப்பரையும் கைக்கு வரும்போது, காரணம் தெரிந்தவர்தான் தடுமாறாமல் சமைப்பார்.

“நூறு இலைக்குப் பத்து கிலோ அரிசி. கணக்கெல்லாம் எனக்க நாக்குல இருக்கு. இவன் அங்க போயி என்னத்தப் படிக்கப் போறான்?” என்றார் பெரியவர். அளவுக் கணக்கில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் ஒரு இலைக்கு அடக்க விலை என்ன என்று கேட்டபோது இருவரிடமும் பதில் இல்லை. கூலிக்குச் சமைத்த வரையில் அது தேவைப்படவில்லை. இப்போது மண்டபங்களில் இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுகிறார்கள். அடக்கம் தெரியாதவர் கடைசிவரை கூலியாள்தான்.

சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு. சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. பாடத்தில் சமையல் ஒரு பகுதிதான். வரவேற்பு, அறைப் பராமரிப்பு, பரிமாறல், கணக்கு எல்லாம் சேர்ந்து வரும். குடும்பம் நடத்துபவருக்கு மூன்று வருஷக் கூலியை இழப்பது சின்ன விஷயமல்ல. கப்பல் சமையலறை ஆசை இருந்தால், பட்டம் மட்டும் போதாது. கடல் வேலைக்கான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைத் தனியே முடிக்க வேண்டும்.

குறுக்குவழிகளும் உண்டு. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே கைவந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 முதல் நடத்தும் ‘ஃபோஸ்டாக்’ (FoSTaC) சுகாதாரப் பயிற்சி ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்.

இளைஞர் கடைசியாகக் கேட்டார்: “படிச்சா கூலி கூடுமா சார்?” இதே ஆக்குப்புரையில் கூடாது என்றேன். இங்கே கூலியைத் தீர்மானிப்பது பிரதமனின் பக்குவம்தான். உள்ளூரிலேயே தொழில் செய்யப் போகிறவர் அடக்கக் கணக்கையும் சுகாதாரச் சான்றையும் கைக்கொண்டால் போதும். நட்சத்திர ஓட்டலுக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைப்பவர் முழுப் படிப்பும் படிக்கட்டும். கட்டணத்தை விசாரிக்கும் முன், எந்த அடுப்பில் நிற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்.