வாட்ச்மேன் உள்ளே வருபவரை மட்டும்தான் கேட்பார்

உங்க லேப்டாப்ல ஃபயர்வால் ஆன்ல இருக்கான்னு கேட்டா "இருக்கே"ன்னு சொல்லிடுவீங்க. இருக்கத்தான் செய்யும். 2004-ல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதலே விண்டோஸில் அது தானாக ஆன் ஆகித்தான் வருகிறது. ஆனா அது என்ன பண்ணுதுன்னு கேட்டா, பாதிப் பேர் "வைரஸைத் தடுக்கும்"னு சொல்றாங்க. அங்கதான் எனக்குச் சண்டை.

மயிலாப்பூர்ல எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேனைப் பாருங்க. உள்ளே வர்றவங்க பெயர், ஃப்ளாட் நம்பர், நேரம் எல்லாம் நோட்டுல எழுதணும். வெளியே போறவங்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். விண்டோஸ் ஃபயர்வாலும் இதே ரகம். வெளியிலிருந்து அழைக்காமல் வரும் இணைப்பைத் தடுக்கும். உள்ளிருந்து கிளம்புவதை, நீங்க தனியா ரூல் போடாத வரை, விட்டுவிடும். நீங்க ஒரு தளத்தைத் திறந்தா, அதற்கான பதில் "இவங்க கூப்பிட்டுத்தான் வந்தேன்" என்று உள்ளே வந்துவிடும்.

வாசல் காவல் வேஸ்ட்னு சொல்லலை. 2017 மே மாதம் வானாக்ரை 445-ஆம் போர்ட் வழியாக, யாரும் எதையும் கிளிக் பண்ணாமலே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. அந்தப் போர்ட்டை அடைத்திருந்த இடத்தில் அந்த வழி அதற்கு மூடித்தான் இருந்தது.

ஆனா நமக்கு வைரஸ் போர்ட் வழியாவா வருது? ஜெராக்ஸ் கடை வழியா வருது! ரெக்கார்ட் சப்மிஷன் சமயத்துல ஒரே சிஸ்டம்ல எத்தனை பென்டிரைவ் ஏறி இறங்குது தெரியுமா? என் கிளாஸ்மேட் ஒருத்தி, ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பென்டிரைவைத் திறந்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குது. நாலு மாச வேலை போச்சுன்னு அழுதுட்டா. ஃபைல்கள் அழியலை, மறைச்சு வெச்சிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க விடியற்காலை மூணு மணி ஆச்சு. இதுல ஃபயர்வாலைத் திட்டிப் பயனில்லை. பென்டிரைவ் நெட்வொர்க்கே இல்லையே, அது எப்படிப் பார்க்கும்? பையைத் திறந்து பார்க்கிறது ஆன்டிவைரஸ் வேலை.

பெரிய இடத்திலும் இதே கேள்விதான். 2019 அக்டோபரில் கூடங்குளம் பற்றிச் செய்தி வந்தப்போ, அணுமின் நிலையம் முதலில் மறுத்தது. மறுநாளே, 30-ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மைதான் என்றது. நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில்தான் அது இருந்ததாம். முக்கியமான உள் நெட்வொர்க் தனி என்றார்கள். நடுவில் சுவர் இல்லாமல் இருந்திருந்தால்? எனக்கு இன்னும் கொஞ்சம் உதறுது.

தி.நகர் ஜவுளிக் கடையில் உள்ளே போகும்போது பைக்கு டோக்கன், வெளியே வரும்போது பில்லைப் பார்த்து ஓட்டை. அந்த இரண்டாவது ஆள்தான் நம்ம லேப்டாப்பில் இல்லை. ஃபயர்வாலின் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் அவுட்பவுண்ட் ரூல்ஸ் என்று ஒன்று இருக்கு, ஒருநாள் திறந்து பாருங்க. ஹாஸ்டல் வைஃபையில் சேரும்போது நெட்வொர்க் வகையைப் பப்ளிக் என்றே வையுங்க. பிரிண்ட் எடுக்கணும்னா உங்க போன்லேருந்தே கடையோட மெயிலுக்கு பி.டி.எஃப் அனுப்பிடுங்க. பென்டிரைவ் பையிலேயே இருக்கட்டும்.