மாமாவின் கொட்டேசன்

போன வருசம் எங்கட பீடச் சஞ்சிகைக்கு நான்தான் பொருளாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைப்பதும், கேட்கிற இடத்தில் கையெழுத்து வைப்பதும்தான் வேலை. அச்சிடுவதற்கு மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும், குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இரண்டு அச்சகங்கள் கொட்டேசன் தந்துவிட்டன. மூன்றாவது என்ர மாமாவின் அச்சகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சோத்தைப் பிசைந்துகொண்டே மாமா கேட்டார்: "மற்ற ஆக்கள் எவ்வளவு போட்டிருக்கினம் பிள்ளை?" நான் சொன்னேன். அது மறைக்க வேண்டிய விசயம் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அடுத்த நாள் வந்த மாமாவின் கொட்டேசன் மற்றதைவிட இரண்டாயிரம் ரூபா குறைவு. வேலை அவருக்குப் போனது. சஞ்சிகையும் வடிவாகத்தான் வந்தது.

கொஞ்ச நாளில் இரண்டாவது அச்சகத்து ஐயா போன் எடுத்தார். கடதாசி மாதிரிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கம்பஸ் வரைக்கும் வந்தவர் அவர். "எங்கட விலை கனக்கக் கூடிப்போச்சோ பிள்ளை?" என்றார். "இல்லை ஐயா, கொஞ்சம்தான்" என்றேன். அது பொய்யும் இல்லை.

இதெல்லாம் மறந்துபோயிருக்கும். இந்த செமஸ்டர் அரசறிவியல் பாடத்துக்கு நலமுரண் பற்றி ஒரு ஒப்படை வந்தது. பொதுப் பதவியில் இருக்கிறவருக்குத் தன்னுடைய சொந்த இலாபமும் அதே மேசையில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் பங்கு வாங்கி விற்கிற கதையை எடுத்தேன். தூரத்து விசயம், நிம்மதியாக எழுதலாம் என்று நினைத்தேன்.

அங்கே சட்டம் ஆக்குகிறவர்கள் கம்பனிப் பங்குகளை வாங்கலாம், விற்கலாம். மருந்துக் கம்பனிகளை விசாரிக்கிற குழுவில் இருந்துகொண்டே மருந்துக் கம்பனியின் பங்கை வைத்திருக்கலாம். 2012 இல் ஒபாமா கையெழுத்திட்ட 'ஸ்ரொக் அக்ட்' இதைத் தடுக்கவில்லை. பதவியால் கிடைக்கிற இரகசியத் தகவலை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது என்றது. 1,000 டொலருக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலை 45 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்றது. பிந்தினால் வழக்கமான தண்டம் 200 டொலர். அறிவிக்கிறபோதும் சரியான தொகை வேண்டாம், 15,001 முதல் 50,000 வரை என்கிற மாதிரி ஒரு வீச்சைச் சொன்னால் போதும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ரிச்சர்ட் பர் என்கிற செனட்டரின் கதை. 2020 இல் அவர் செனட்டின் புலனாய்வுக் குழுத் தலைவர், சுகாதாரக் குழுவிலும் உறுப்பினர். பெப்ரவரி 7 இல் இன்னொரு செனட்டரோடு சேர்ந்து, கொரோனா போன்ற ஆபத்துக்கு அமெரிக்கா முன்னெப்போதையும்விட ஆயத்தமாக இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆறு நாள் கழித்து, 13 ஆம் திகதி, ஒரே நாளில் 33 கொடுக்கல் வாங்கல்களில் தன் பங்குகளை விற்றுத் தள்ளினார். பெறுமதி 628,000 டொலருக்கும் 1.72 மில்லியன் டொலருக்கும் இடையில் (வீச்சுத்தானே!). அதற்குள் ஹோட்டல் கம்பனிகளின் பங்குகளும் இருந்தன. 19 ஆம் திகதி சந்தை உச்சத்தைத் தொட்டது. அதிலிருந்து மார்ச் 23 க்குள் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது.

அவர் சொன்ன பதில் எளிமையானது: எல்லாருக்கும் தெரிந்த செய்திகளைப் பார்த்துத்தான் விற்றேன். ரிவியில் ஆசியாவிலிருந்து வந்த செய்திகளைப் பார்த்தாராம். எஃப்.பி.ஐ. அவருடைய போனை எடுத்துப் பார்த்தது. குழுத் தலைமையை விட்டு விலகினார். 2021 ஜனவரியில் நீதித் திணைக்களம் வழக்குப் போடாமலே விசாரணையை முடித்தது. 2023 இல் பங்குச்சந்தை ஆணைக்குழுவும் முடித்துக்கொண்டது. சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி இல்லை. இன்னொரு விசயம்: 2012 இல் அந்தச் சட்டம் செனட்டில் 96 க்கு 3 என்று நிறைவேறியபோது, எதிர்த்த மூன்று பேரில் இவரும் ஒருவர்.

இந்த இடத்தில் வழமையாக நாங்கள் "கள்ளன்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போயிடுவம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காலையில் இரகசிய அறிக்கை வாசிக்கிற ஆள் பின்னேரம் ரிவி பார்க்கிறார். விற்க வேண்டும் என்ற எண்ணம் எதிலிருந்து வந்தது? மூளைக்குள் இரண்டுக்கும் தனித்தனி லாச்சி இருக்கிறதா என்ன? அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அப்படியென்றால் எந்த நீதிமன்றம் கண்டுபிடிக்கும்?

லேசான வழக்குகளும் இருக்கின்றன. கிறிஸ் கொலின்ஸ் என்கிற நியூயோர்க் உறுப்பினர் ஒரு மருந்துக் கம்பனியின் இயக்குநர் சபையில் இருந்தார். 2017 இல் அந்த மருந்தின் பரிசோதனை தோற்றுவிட்டது என்ற செய்தி அவருக்கு வந்தபோது அவர் வெள்ளை மாளிகை வளவில் ஒரு விருந்தில் நின்றார். அங்கிருந்தே மகனுக்குப் போன் எடுத்தார், மகன் விற்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு 26 மாதச் சிறைத்தண்டனை பெற்றார், பிறகு ட்ரம்ப் மன்னித்து விட்டார். இப்படிப் போன் பதிவு இருந்தால் பிடிக்கலாம். சோறு பிசைகிறபோது கேட்ட கேள்விக்கு எந்தப் பதிவும் இல்லை.

ஒரு கட்சியின் வியாதி என்றும் சொல்ல ஏலாது. நான்சி பெலோசியின் கணவருடைய பங்கு வியாபாரம் பற்றி எத்தனையோ ஆக்கள் எழுதிவிட்டார்கள். 2023 இல் இரண்டு முதலீட்டு நிதியங்கள் தொடங்கினார்கள். ஒன்று ஜனநாயகக் கட்சிக்காரர் வாங்குவதைப் பார்த்து வாங்கும், மற்றது குடியரசுக் கட்சிக்காரரைப் பார்த்து. தொடங்கியபோது வைத்த பெயர்களும் நான்க், குரூஸ் என்று பெலோசியையும் ரெட் குரூஸையும் கிண்டலடிக்கிற பெயர்கள். மக்கள் நம்பிக்கை இழந்ததைக்கூட ஒரு பங்காக்கி விற்கிறார்கள். இதை வாசித்துத் தனியாகச் சிரித்தேன், லைப்ரரியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கட பக்கம் வருவோம். 2015 பெப்ரவரி 27 இல் மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்குப் பிணைமுறி ஏலம் அறிவித்துவிட்டு 10 பில்லியன் அளவில் எடுத்தது. வாங்கியவர்களில் பெரிய ஆள், அப்போதைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புபட்ட நிறுவனம். ஆளுநர் பாராளுமன்ற உறுப்பினர் இல்லைதான், ஆனால் கேள்வி ஒன்றுதான், அதுவும் மாமன் மருமகன் கதையாகவே வந்து நிற்கிறது. 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலமுரணையும் குற்றமாக்கியது. சொத்துப் பிரகடனங்களை இப்போது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நாங்களே பார்க்கலாம். 2025 இல் அமைச்சர்களின் பிரகடனங்கள் வந்தபோது முகநூல் முழுக்க ஆர் ஆரிடம் எத்தனை கோடி என்றுதான் கதை. அந்தச் சொத்து அவர்கள் எடுக்கிற எந்த முடிவோடு முட்டும் என்று கேட்டவர்கள் குறைவு. வருசத்துக்கு ஒருமுறை எடுக்கிற படத்தில் இடையில் நடந்த வாங்கலும் விற்றலும் எவ்வளவு தெரியும்?

அமெரிக்காவில் முழுத் தடை கேட்டு இரு கட்சிக்காரரும் சேர்ந்தே பலமுறை சட்டமூலம் கொண்டு வந்தார்கள். பங்குகளை விற்றுவிடு, இல்லாவிட்டால் உனக்குச் சொல்லாமல் நிர்வகிக்கிற ஒருவரிடம் கொடுத்துவிடு என்கிறார்கள். முதலில் எனக்கு அது கூடிப்போனதாகப் பட்டது. ஆளின் மனசுக்குள் பார்க்க முடியாதபோது ஆளை அந்த மேசையிலிருந்து எழுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்று இப்போது நினைக்கிறேன். ஒப்படையிலும் அப்படித்தான் எழுதினேன். மாமாவைப் பற்றி எழுதவில்லை.

பிறகு புதிய சஞ்சிகைக் குழுவிடம் போய்ச் சொன்னேன். "உனக்கென்ன லூசா? பீடத்துக்கு ரெண்டாயிரம் மிச்சம்தானே" என்றாள் என்ர சினேகிதி. அந்த ஐயா தன் விலையை மூடிய கவரில் தந்தவர் என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். இந்த முறை மூன்று கவரையும் ஒரே நாளில், எல்லாருக்கும் முன்னால் திறப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். அந்த ஐயாவிடமும் விலை கேட்டிருக்கிறார்கள். நான் அவருக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.

போன கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "இந்த முறை ஆர் பிள்ளை பொருளாளர்?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா" என்றேன்.

எனக்குத் தெரியும்.