ஒன்பதா, பத்தா?

எங்கள் வீட்டுப் புறவாசலில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு பலகையும், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண்மூட்டைகளும் எழும்பிய மறுநாள் காலையில், அடுத்த வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டினாள். என் கையில் இருந்த ஏர் ரைஃபிளை அவள் பார்த்த பார்வையில் எனக்கே சற்று வெட்கமாகிவிட்டது.

"ஏ மக்கா, குளத்துக் கொக்கைச் சுடப்போறியாக்கும்? பாவம்லா?"

"கொக்கு இல்லை ஆச்சி, காகிதத்தைச் சுடப்போகிறேன்."

"காகிதத்தையா? இத்தன வருசமா பேனாவ வச்சி அதைக் கொன்னது போராதா?"

நான் கதை எழுதுகிறவன் என்பது ஆச்சிக்குத் தெரியும். படித்ததில்லை. படிக்காமலேயே சரியான விமர்சனம் சொல்லக்கூடியவர்கள் எங்கள் சுசீந்திரத்தில் நிறையப் பேர் உண்டு.

ஆச்சியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. எங்கள் குளமும் பக்கத்துத் தேரூர்க் குளமும் பறவைகளுக்குப் பேர்போனவை. 2022-ல் இரண்டையும் சேர்த்து ராம்சார் பட்டியலில் இடம் கொடுத்து, உலகத்தார் காக்க வேண்டிய நீர்நிலை என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கும் வெகு முன்னாலேயே, 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் பையன்களாக இருந்தபோது கவணும் கூழாங்கல்லுமாகக் குளத்தங்கரையில் அலைந்ததை ஆச்சி மறக்கவில்லை. என் குறி எதிலும் பட்டதில்லை என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

இந்த நாற்பதுக்கு மேற்பட்ட வயசில் எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் என் மருமகன். நாஞ்சில் நாட்டில் மருமகன் என்றால் ஒரு காலத்தில் மாமன் சொத்துக்கு வாரிசு, மாமனுக்குத் தலைவலி. இப்போது என்னிடம் சொத்தும் இல்லை, அவனுக்கு அது தேவையும் இல்லை. அமெரிக்காவில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். போன வருஷம் ஊருக்கு வந்தவன் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புஸ்தகத்தை எடுத்துக் கொடுத்து, "மாமா, நீங்க என்.சி.சி.யிலே பெரிய சூரர்னு அம்மா சொல்லுவா. இதைப் பாருங்கள்" என்றான்.

அது துப்பாக்கி சுடக் கற்பவர்களுக்கான ஒரு பயிற்சித் திட்டம். முதல் உலக யுத்த காலத்தில் வின்செஸ்டர் துப்பாக்கிக் கம்பெனி சிறுவர்களுக்காக ஆரம்பித்ததில் அதன் வேர் இருக்கிறது. பிற்பாடு அந்த ஊர் தேசிய ரைஃபிள் சங்கம் அதை எடுத்து நடத்துகிறது. சங்கத்தின் அரசியலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் இந்தப் பயிற்சியின் அமைப்பு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆறு படிகள். புரோ மார்க்ஸ்மன், மார்க்ஸ்மன், மார்க்ஸ்மன் ஃபர்ஸ்ட் கிளாஸ், ஷார்ப் ஷூட்டர், எக்ஸ்பர்ட், கடைசியாக டிஸ்டிங்விஷ்டு எக்ஸ்பர்ட். ஒவ்வொரு படிக்கும் இத்தனை தாள்களில் இத்தனை மதிப்பெண் எடுக்கவேண்டும் என்று இருக்கிறது. ஒரே நாளில் எடுக்கவேண்டும் என்பதில்லை. ஒரு மாசத்திலும் எடுக்கலாம், ஒரு வருஷத்திலும் எடுக்கலாம். மோசமாகச் சுட்ட தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேறிய தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எதிராளி கிடையாது. தோற்பவன் கிடையாது.

நம் தேசத்தில் இந்த விஷயம் வேறு மாதிரி. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கர் முன்நின்று 1951-ல் இந்தியத் தேசிய ரைஃபிள் சங்கத்தை ஏற்படுத்தினார். அவர் பெயரிலேயே ஒரு அகில இந்தியப் போட்டி இருக்கிறது. அங்கேயும் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டால் மேலே போகலாம். ஆனால் குறித்த தேதியில், குறித்த மைதானத்தில், நூறு பேருக்கு நடுவே நின்று தொடவேண்டும். வெள்ளெழுத்து விழ ஆரம்பித்தவனுக்கு அது சரிப்படாது. நான்கரை மில்லிமீட்டர் வாய் உள்ள, வேகம் குறைந்த ஏர் ரைஃபிளுக்கு நம் சட்டப்படி லைசென்ஸும் வேண்டாம். ஒன்று வாங்கிவிட்டேன்.

வெள்ளெழுத்து என்று சொன்னேன். அது புஸ்தகம் படிப்பவனுக்குத்தான் உபத்திரவம் என்று இதுவரை நினைத்திருந்தேன். ரைஃபிளைத் தோளில் சாத்திக் குறி பார்க்கும்போது மூன்று பொருள்கள் ஒரு கோட்டில் நிற்க வேண்டும்: கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறி, குழல் நுனியில் உள்ள முன்குறி, பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள கறுப்பு வட்டம். மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்கும் கண்ணைப் பிரம்மா யாருக்கும் படைக்கவில்லை. ஆகவே முன்குறியைத் தெளிவாகப் பார். வட்டம் மங்கலாக இருந்தால் இருக்கட்டும் என்பது சாஸ்திரம். எனக்கோ வட்டம் தெளிவாகத் தெரிகிறது, முன்குறி பஞ்சு மாதிரி இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரரிடம் கைநீட்டுகிற தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேட்டபோது, "தட்டச்சு செய்யவா சார்?" என்றார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு குண்டு. முதலில் கூர்மூக்குக் குண்டுகளை வாங்கி வந்தேன். அவை தாளைக் கிழித்தன; எந்த இடத்தில் பட்டது என்று சத்தியம் செய்யமுடியாது. தட்டை மூக்குக் குண்டு வேண்டும். அதுதான் பொத்தான் வெட்டியது போல் வட்டமாக வெட்டும். தாளுக்குப் பின்னால் கெட்டி அட்டை இருந்தால் ஓட்டை இன்னும் சுத்தமாக விழும். அதற்கு வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் உதவின. எத்தனையோ சிரஞ்சீவிகளும் சௌபாக்கியவதிகளும் என் கையால் துளைபட்டிருக்கிறார்கள்.

மற்றபடி சுடுவது என்பது பெரும்பாலும் சும்மா இருப்பதுதான். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தவேண்டும். நிறுத்திய மூச்சு ஏழெட்டு விநாடிக்கு மேல் போனால் கண் மங்கும்; அப்போது சுடக்கூடாது, துப்பாக்கியை இறக்கிவிடவேண்டும். இறக்குவதுதான் கஷ்டம். இவ்வளவு நேரம் பார்த்தோமே, சுட்டுத் தொலைத்தால் என்ன என்று விரல் துடிக்கும். குதிரையை இழுக்கக்கூடாது, மெல்ல அழுத்திக்கொண்டே போகவேண்டும். எப்போது வெடித்தது என்று நமக்கே தெரியக்கூடாது. இரண்டு மாசத்தில் முதல் படி ஏறினேன். அடுத்த நாலு மாசத்தில் இரண்டாவது. மூன்றாவதில்தான் கதை ஆரம்பிக்கிறது.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தாளில் பத்து மார்க்குக்கு உரிய நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். எறும்பின் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து, தொடாவிட்டால் ஒன்பது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டுக்கு நிற்கும்போது அவரும் பின்லாந்துக்காரர் ஹாக்கினனும் சமமாக இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், மற்றவர் 9.7. இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கம். அங்கே புள்ளியைத் தொட்டதா இல்லையா என்று யாரும் சத்தியம் செய்யவேண்டியதில்லை, இயந்திரம் சொல்லிவிடுகிறது. என் புறவாசலில் சுடுகிறவனும் நான், மார்க் போடுகிறவனும் நான், சரி என்று கையெழுத்துப் போடுகிறவனும் நான். கீழ்ப்படிகளுக்கு அது போதும் என்று அந்தப் புஸ்தகம் நம்மை நம்பிவிடுகிறது.

மூன்றாவது படிக்கு ஒரே ஒரு தாள்தான் பாக்கி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுட்டேன். கூட்டிப் பார்த்தால் ஒரு மார்க் இடித்தது. ஒரு ஓட்டை, புள்ளியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஓட்டைகளெல்லாம் கண்கள் மாதிரி என்னைப் பார்த்தன. "பத்து" என்று எழுதிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் செய்திருக்கக்கூடாது. உடம்பெல்லாம் கண்ணான இந்திரன், கொதிக்கிற நெய்யில் முழுகிச் சுத்தனான இடம் என்பதால்தான் இதற்குச் சுசீந்திரம் என்று பெயர். சுசி என்றால் சுத்தம். அந்தப் புராணத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நம்பூதிரி மேல் குற்றம் சாட்டினால் அவரை எங்கள் தாணுமாலயன் கோயிலுக்கு அழைத்து வந்து, கொதிக்கும் நெய்யில் கையை விடச் சொல்லியிருக்கிறார்கள். கைமுக்கு என்று பெயர். கட்டுப்போட்டு, பிறகு அவிழ்த்துப் பார்த்து, கை வெந்திருந்தால் குற்றவாளி. 19-ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா அந்தக் கொடுமையை நிறுத்தினார். நிறுத்தியது எவ்வளவு நல்ல காரியம் என்று அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஒரு மார்க்குக்கா இவ்வளவு என்று நீங்கள் சிரிக்கலாம். மார்க்கு அல்ல, அதற்குப் பின்னால் வேறொன்று கிடந்தது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். அதற்குமேல் என்னைப் படிப்பும், படிப்பை நானும் பொறுக்க முடியாமல் விலகிக்கொண்டோம். அந்த இரண்டு வருஷமும் என்.சி.சி.யில் இருந்தேன். ஒரு நாள் .22 ரைஃபிளால் சுடும் பரீட்சை. இருபத்தைந்து கெஜம், படுத்த நிலை, ஆளுக்கு ஐந்து குண்டு. ஐந்தும் நெருக்கமாக விழவேண்டும். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்வு. நன்றாகச் சுட்டவனை வெளியூர் கேம்புக்கு அனுப்புவார்கள். எனக்கு வலப்பக்கம் படுத்திருந்தவன் தேரூர்க்காரன், என் சிநேகிதன். பட்டாளத்தில் சேரவேண்டும் என்று கனாக் கண்டுகொண்டிருந்தவன்.

நாலு குண்டு ஒழுங்காகச் சுட்டேன். ஐந்தாவதுக்கு, பக்கத்து வெடிச் சத்தத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு குதிரையை இழுத்துவிட்டேன். குண்டு மண்மேட்டில் புழுதி கிளப்பியதைக் கண் திறந்தபோது பார்த்தேன். ஆனால் தாளைக் கழற்றி வந்தபோது ஐந்து ஓட்டைகள்! ஒரு எட்டணா நாணயத்தால் மூடிவிடலாம் போல அவ்வளவு நெருக்கம். தேரூர்க்காரன் தாளில் நாலுதான் இருந்தது. "ஒண்ணு எங்கே?" என்று உஸ்தாத் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கேம்புக்குப் போனேன். மருமகனின் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சூரத்தனம் அதுதான்.

எங்கள் கோயில் பூசாரிகள் உள்ளே கண்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருப்பதாக ஊரில் சொல்லுவார்கள். ராத்திரி பூஜையை இந்திரனே வந்து செய்கிறானாம். நானும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். தெய்வ காரியம் எதுவும் இல்லாமலே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறிக் கோட்டாறுக்குப் போனேன். அங்கே அவன் உரக்கடை வைத்திருக்கிறான். மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறவன்தான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் சுற்றி வளைத்து, "லேய், காலேஜில சுட்டோம்லா..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த அஞ்சாவது குண்டா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நம்பரைப் பாக்காம ஒன் தாள்ல சுட்டுட்டேன். நல்லா குறி பாத்துதான் சுட்டேன், தாளுதான் மாறிப்போச்சு. சுட்ட ஒடனே தெரிஞ்சிட்டு. கிராஸ் ஃபயர்னு ஒத்துக்கிட்டா உஸ்தாத் ரைஃபிளைத் தலைக்கு மேல தூக்கிட்டு மைதானத்தைச் சுத்தச் சொல்லுவாரு. ஃபெயிலாகது எளுப்பம்னு சும்மா இருந்துட்டேன்."

"நானும் சும்மா இருந்துட்டேன்" என்றேன்.

"தெரியும்லா." டீக் கிளாஸைத் தரையில் வைத்தான். "நீ வாயத் தொறந்திருந்தா நான் மைதானத்தை ஓடியிருப்பேன். ஆனா, மறுபடி அஞ்சு குண்டு குடுத்துச் சுடச் சொல்லியிருப்பாரு மக்கா."

யாரோ பாக்டம்பாஸ் கேட்டு வந்தார்கள். எழுந்து போய் மூட்டையைப் புரட்டி எடுத்துக் கொடுத்து, பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். அதற்குள் நான் என்ன சொல்வது என்று தேடிப் பார்த்தேன். எழுத்தாளன், வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன். ஒன்றும் அகப்படவில்லை.

"ஒன் வீட்டுல என்னமோ துப்பாக்கி வச்சி காகிதத்தைச் சுடுகியாமே? கடைக்கு வாறவங்க சொன்னாங்க. அடைச்சிட்டு வாறேன்" என்றான்.

மத்தியானம் வந்தான். நான் தாள்கட்டை எடுத்துக் கொடுத்து, கடைசித் தாளில் நான் எழுதியிருந்த எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "இது எவ்வளவு, சொல்லு" என்றேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான், அவனுக்கும் வெள்ளெழுத்து. பூதக்கண்ணாடியை வாங்கி வெயிலில் நின்று வெகு நேரம் பார்த்தான். ஆச்சி மதிலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்பது."

"புள்ளியைத் தொடல்லியா?"

"தொடல்ல."

பேனாவை எடுத்து அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். மூன்றாவது படி இன்னும் ஒரு தாள் தூரத்துக்குப் போய்விட்டது. அவன் ரைஃபிளைக் கையில் எடுத்து எடை பார்த்தான். "அஞ்சு குண்டு தா" என்றான்.

புதுத் தாளை ஒட்டிவிட்டு வந்தேன். பலகையில் அந்த ஒரு தாள்தான் இருந்தது. இருந்தாலும் அவன் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைத் தோளில் சாத்தினான்.