பால்தெளி முடியட்டும்

ஆயா செத்துப்போன செய்தி அக்காவுக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. அக்கா ஒன்றும் கடல் தாண்டி இருக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாள். செஞ்சிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து நாலு மணி நேரப் பஸ். வருடம் 2009.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. அவற்றைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ கம்பெனிகள். விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து ப்ளஸ் டூ முடித்த பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அக்காவும் அப்படி வந்தவள்தான். போனுக்குள் போகும் சின்னப் பாகங்களைச் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஆனால் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் எட்டு மணி நேரத்துக்கு அவளுக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

அன்று வியாழக்கிழமை. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ட்ரெய்னிங்ல இருக்கா. இப்ப லீவு போட்டா வேலைக்கு ஆகாது. பால்தெளி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." இன்னொன்றை அவர் சொல்லவில்லை. அந்த மாதம் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டியது அக்கா சம்பளத்தில்தான்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆயா சாப்டுச்சாடா?"

"சாப்டுச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே சொன்னார். அக்கா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

இப்போது எனக்கு மெல்போர்ன் க்ளையன்ட். பில்ட் ஓடி முடியும்வரை காத்திருக்கும் நேரங்களில் ட்ரோவ் தளத்தில் மேய்வேன். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கும் இடம் அது. குடியேறிகள் கொடுத்த பிறப்பு, கல்யாண, மரண அறிவிப்புகள் பத்தி பத்தியாகக் கிடக்கும். பல மரண அறிவிப்புகளின் அடியில் ஒரு வரி இருக்கும்: ஊர்ப் பத்திரிகைகளும் இதை எடுத்துப் போடவும். ஊர் என்றால் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து.

1788 ஜனவரியில் சிட்னியில் இறங்கிய முதல் கூட்டத்துக்கு 1790 ஜூனில்தான் வீட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. இரண்டரை வருடம். பஞ்சம் வேறு, ரேஷனைக் குறைத்துக் குறைத்துச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகும் பாய்மரக் கப்பலில் ஒரு கடிதம் போய்ச்சேர மூன்று நான்கு மாதம் ஆனது. செத்துப்போன அம்மாவுக்கு "உடம்பு எப்படி இருக்கிறது" என்று எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 1872இல்தான் தந்தி இணைப்பு வந்தது. டார்வினிலிருந்து ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, பிறகு நம் மதராஸ் வழியாக லண்டனுக்கு. யாரோ ஒருவர் வீட்டுச் சாவு நம் ஊர்க் கம்பியைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது.

அதையெல்லாம் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உலகத்தில் எல்லாருக்கும் செய்தி தாமதமாகத்தான் வந்திருக்கிறது என்று.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரகடத்தில் இருக்கிறாள். மாமாவுக்கு அங்கே வேலை. இந்தக் கப்பல் கதையை அவளிடம் சொன்னேன். உள்ளுக்குள் மன்னிப்புக் கேட்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

கரும்பை உரித்துக்கொண்டே கேட்டாள். "கப்பல் லேட்டானா யார் மேலடா கோவப்படறது? நீ போன்ல பக்கத்துலதான இருந்த."

நான் பேசவில்லை.

"ஃபீஸ் கட்டணும்னு எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தாலும் ஒருவேள நான் வந்திருக்க மாட்டேன். ஆனா வரலன்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்."

உரித்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.