ஒரு கூடை பந்து

எங்க மூன்று பேருக்கும் ஒரே ஆசைதான். பதினெட்டுக் குழியையும் நூறு அடிக்குள்ள முடிக்கணும். இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடும் இலங்கை வீரர் என். தங்கராஜாவின் பெயரைப் பேப்பரில் பார்த்த நாளில் பிடித்த ஆசை அது. சனிக்கிழமை தவறாமல் போனோம். காசு சேர்த்து ஒரு கூடை பந்து வாங்கி, ட்ரைவரை எடுத்து, கை கொப்பளிக்கும்வரை விளாசினோம். ஆறு மாதமாகியும் கணக்கு 104, 106, 103 என்று அங்கேயே நின்றது.

நுவரெலியாவில் 1889இலேயே கோல்ஃப் கழகம் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டாருக்கோ அந்தப் புல்வெளி, அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த இடம். மாமா முப்பது வருடம் கெடியாக வேலை செய்தவர். எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "பட்டரால எத்தன அடி அடிச்சீங்க?"

மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் ஒவ்வோர் அடியையும் கொப்பியில் எழுதினோம். எங்களில் ஒருவருடைய 104இல், 43 பட்டரால் அடித்தவை! குழிக்கு இரண்டு என்று பார் கணக்கு விடுவது 36தான். ட்ரைவரைத் தொட்டது வெறும் பதினாலு தடவை. அந்தப் பதினாலுக்காகத்தான் கூடை கூடையாகக் காசைக் கொட்டியிருக்கிறோம்.

அன்றிரவே அட்டவணை போட்டோம். செவ்வாய், வியாழன் இரவில் இருபது நிமிடம், வீட்டுச் சிமெந்துத் தரையில். பட்டர் தலை மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு தீப்பெட்டிகள், ஆறடி தள்ளிச் சோக்கால் ஒரு வட்டம். உண்மையான குழி மாதிரியே 108 மில்லிமீட்டர். சிமெந்தில் பந்து வேகமாக ஓடும், அதனால் அங்கே பழகுவது திசையை மட்டும். எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதைச் சனிக்கிழமை புல்லில், பத்து, இருபது, முப்பது அடித் தூரத்தில் பழகினோம்.

கூடையையும் பிரித்தோம். ஐம்பது பந்தில் இருபது, வெட்ஜால் 30 முதல் 80 யார் வரை. பதினைந்து, அயர்னுக்கு. கடைசிப் பதினைந்தில் ஒவ்வொரு பந்துக்கும் கோலை மாற்றி, மனசுக்குள் ஒரு குழியை நினைத்து அடித்தோம். ஆட்டத்தில் அதே கோலால் அதே இடத்திலிருந்து இரண்டாம் தடவை யார் விடுகிறார்கள்?

ரொம்ப சலிப்பாத்தான் இருந்தது. மழையில் இரண்டு சனி போச்சு. ஒருத்தன் நடுவில் கோவித்துக்கொண்டு போய், திரும்பி வந்தான்.

மூன்று மாதம் கழித்து, அந்த 104 இப்போது 96. குறைந்த எட்டில் ஆறு பட்டரில் குறைந்தவை. மற்ற இருவரும் இன்னும் நூறைத் தாண்டவில்லை என்று சொல்ல முடியாது, தாண்டித்தான் நிற்கிறோம். ட்ரைவர் பந்து இன்னும் மரத்துக்குள்ளதான் போகுது.

கொப்பியை மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "முப்பது வருஷமா மத்தவங்க அடிச்சத எண்ணிக்கிட்டு நடந்தேன்," என்றார். "இப்பதான் நம்ம பிள்ளைங்க கணக்க பாக்கிறேன்."

நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும் சரி, கூடைக்குக் காசு கொடுக்க முன்னம் ஒரு கொப்பி வாங்குங்க.