மாற்றுக் குதிரை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், செயின்ட் ஜோசப் நகரம். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் நீண்ட மேசை ஒன்று கிடக்கிறது. கணவரும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. நடுவே இரண்டு பிளாஸ்டிக் குதிரைகள், நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவில்.

ஒன்று ஓடிக் களைத்தது. மற்றது சேணம் பூட்டிக் காத்திருப்பது. வாங்கும்போது இரண்டுமே தலைநிமிர்ந்து நின்றவைதான். கணவர் வெப்பக் காற்றுக் கருவியை ஒன்றின் கழுத்தில் காட்டுகிறார். பிளாஸ்டிக் இளகியதும் தலையைத் தாழ்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் முக்குகிறார். பதினைந்து மைல் ஓடிய களைப்பு அதற்கு வந்துவிடுகிறது.

1860 ஏப்ரல் 3 அன்று இந்த ஊரிலிருந்துதான் போனி எக்ஸ்பிரஸ் தபால் கிளம்பியது. கலிபோர்னியாவின் சேக்ரமென்டோ வரை ஏறத்தாழ 1,900 மைல். பத்து நாளில் கடிதம் போய்ச் சேர வேண்டும். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒரு சாவடி, அங்கே ஒரு மாற்றுக் குதிரை. குதிரை மாற இரண்டு நிமிடம். சேணத்தைக் கழற்றி மாட்ட நேரம் ஏது? சேணத்தின் மேல் போர்த்தும் தோல் விரிப்பிலேயே நான்கு பைகளைத் தைத்துவிட்டார்கள். 'மொச்சிலா' என்பார்கள். அதை உருவி அடுத்த குதிரைமேல் வீசி, ஏறி உட்கார்ந்தால் தீர்ந்தது.

அந்த விரிப்பு மனைவியின் பொறுப்பு. பழைய கையுறைத் தோலை பிளேடால் சீவிச் சீவி மெலிதாக்குகிறார். செப்புக் கம்பியை வளைத்து வார்ப்பூட்டு செய்கிறார். பிறகு ஒரு பைக்குள் நகக்கண் அளவுச் சீட்டு ஒன்றைத் திணிக்கிறார். சாவடிக்காரர்கள் நேரம் குறித்த சீட்டு. மடலை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் படாது. கணவர் இடுக்கியை அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

களைத்த குதிரைக்கு இப்போது வியர்வை நுரை. கழுத்தில், மார்பில், பின்னந்தொடைகளின் இடுக்கில் வெள்ளைப் பூச்சு ஏறுகிறது. தூரிகை முதுகுக்கும் போகிறது.

"சேணம் அங்கேயேதானே இருக்கப்போகுது? அதுக்கடியில் யார் பார்ப்பாங்க?" என்கிறார் மனைவி.

கணவர் தூரிகையின் முனையால் அந்தச் சீட்டுப் பையைச் சுட்டுகிறார். மனைவி பேசாமல் ஊசியில் நூல் கோக்கிறார்.

பதினெட்டு மாதம் ஓடிய சேவை அது. 1861 அக்டோபரில் தந்திக் கம்பி கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்ததும் குதிரைகளுக்கு வேலை போயிற்று. அந்தச் சேவையின் இரண்டு நிமிடத்துக்காகத்தான் மேசை முழுக்க இத்தனை தோலும் கம்பியும் சலித்த மண்ணும்.

"இதுக்குத் தண்ணி காட்ட வேண்டாமா? ஒரு தொட்டி செய்யணும்."

"ஓடிவந்த சூட்டோடயா? கொஞ்சம் நடக்க விட்டுத்தான் காட்டணும்."

"அப்போ, பிடிச்சு நடத்த ஒரு பையன் வேணுமே."

மனைவி கம்பிச் சுருளை இழுத்துக்கொண்டே கேட்கிறார்: "எவ்வளவு உயரம்?"