புகையும் வாராக்கடனும்

புகை பிடிச்சா கேன்சர் வரும்னு தியேட்டர்லயே பயமுறுத்திடறாங்க. டி.பி.யைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்லைங்க. அதான் இந்தப் பதிவு. நான் பி.காம்., பயாலஜிக்குப் பத்தாவதோட முழுக்கு. அதனால கணக்குப் பாஷையிலேயே சொல்றேன், சயின்ஸ் குரூப் மக்கள் பொறுத்துக்கோங்க :)

நுரையீரலோட காற்றறைகள்ல மேக்ரோஃபேஜ்னு ஒரு காவல்கார செல் இருக்கு. தூசியோ கிருமியோ, வந்தா விழுங்கிடும். கிருமியைக் கொல்ல, ஆக்ஸிஜன்ல இருந்து ஒரு விஷத்தைத் தானே தயாரிக்கும். அந்த விஷம் தன்னையே அரிச்சுடாம இருக்க, குளூட்டதயோன்ங்கிற ஆன்டிஆக்சிடன்ட்டைக் கையிருப்பு வெச்சிருக்கும். செலவான குளூட்டதயோனை செல்லே மறுபடி பழைய நிலைக்கு மாத்திக்கும். கொடுத்த கடன் திரும்பி வந்துடுது, பிரச்சினை இல்ல.

சிகரெட் புகையில அக்ரோலின்னு ஒண்ணு இருக்கு. அது நேரா போய் குளூட்டதயோனோட ஒட்டிக்குது. ஒட்டினது ஒட்டினதுதான், மீட்க முடியாது. நம்ம பாஷையில வாராக்கடன்! செல் புதுசா தயாரிக்கப் பார்க்கும், அதுக்குள்ள அடுத்த இழுப்பு. வேடிக்கை என்னன்னா, புகைக்கிறவங்க நுரையீரல்ல மேக்ரோஃபேஜ் மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். பழுப்பேறிப் போய், கூட்டமா நிக்கும். கிருமியை ஒழிக்கிற வேலையில மட்டும் மந்தம்.

டி.பி. கிருமி குடித்தனம் நடத்தறதே இந்த செல்லுக்குள்ளதான். 2003ல லான்செட் இதழ்ல கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ குழுவோட ஆய்வு வந்துச்சு. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள்லயும் இறந்துபோன 43,000 ஆண்களை, உயிரோட இருந்த 35,000 பேரோட ஒப்பிட்டாங்க. புகைக்கிறவங்க டி.பி.யில சாகிறது சுமார் நாலு மடங்கு! குளூட்டதயோன் ஒண்ணுதான் காரணம்னு அந்த ஆய்வு சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா காவல்காரன் பலவீனமானா யாருக்கு லாபம்னு யோசிங்க.

"தினம் ஒரு நெல்லிக்காய் தின்னா சரியாப் போச்சு"ன்னு நாமக்கல் லாரிப் பட்டறைப் பக்கம் ஒரு வைத்தியம் கேட்டிருக்கேன். புகைக்கிறவங்களுக்கு வைட்டமின் சி கூடுதலா தேவைங்கிறது நிஜம்தான். 35 மில்லிகிராம்னு அமெரிக்காவுல 2000லயே கணக்குப் போட்டுட்டாங்க. ஆனா பின்லாந்துல புகைக்கிற 29,133 ஆண்களை வெச்சு, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை காப்பாத்துமான்னு பார்த்தாங்க. 1994ல முடிவு வந்துச்சு. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடியிருந்துச்சு!

எங்க மாமா லாரி டிரைவர். ஆறு மாச டி.பி. மாத்திரையில இப்போ மூணாவது மாசம். நெல்லிக்காய் ஒரு நாளும் தவறாது, பீடியும்தான்.